மூன்றரை அடி உயரத்திலிருந்து ஒரு வீடு

தொண்ணூறுகளின் பின்பாதியில் காரைக்குடியில் ஒரு கட்டட என்ஜினீயரிடம் படம் வரைகிறவளாக இருந்தேன். அலுவலகம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில். கணினியில் வீட்டுப் படம் வரையும் மென்பொருளை என்ஜினீயர் மதுரையில் யாரிடமிருந்தோ வாங்கி வந்திருந்தார். கூடவே வந்திருக்க வேண்டிய விளக்கப் புத்தகம் வரவில்லை. கோளாறு வந்தால் கேட்பதற்கு ஆளும் கிடையாது. அதனால் கோளாறைக் கண்டுபிடிப்பதே என் வேலையாகிப் போனது. வரைவதெல்லாம் மிச்ச நேரத்தில்தான்.

முக்கால்வாசிக் கோளாறு ஒரே மாதிரி இருக்கும். இரண்டு சுவர்கள் மூலையில் தொட்டுக்கொண்டிருப்பதாகத் திரை சத்தியம் செய்யும். அந்த அறைக்குத் தரை போடச் சொன்னால் மட்டும் முடியாது என்று அடம்பிடிக்கும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் மூலையில் மயிரிழை இடைவெளி தெரியும். அதைச் சேர்த்துவிட்டால் தரை வந்துவிடும். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கம்மி. மவுஸை மேசையில் ஓங்கித் தட்டுவேன். என்ஜினீயர் தொண்டையைச் செருமுவார். எலியை அடித்தால் வீடு எழும்புமா என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் கேலி.

அப்போதுதான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எங்களிடம் வந்தார். கோட்டையூர்ப் பக்கம் மனை வாங்கியிருந்தார். அவர் மனைவியும் டீச்சராக இருந்தவர்தான். டவுன் பஸ்ஸிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதிலிருந்து சக்கர நாற்காலி. குடியிருந்த வாடகை வீட்டில் அறைக்கு அறை படி. நாற்காலி எதையும் தாண்டாது. கக்கூசுக்குப் போவதானாலும் அவர்தான் மனைவியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். யாரையும் கூப்பிடாமல் அவள் பாட்டுக்குப் போய் வருகிற மாதிரி ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தண்ணீர்ச் செம்பைத் தூக்கியவள் அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

படம் தயாரானதும் கட்டுவதற்கு முன் மனைவியும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார் வாத்தியார். டீச்சரால் எங்கள் மாடிக்கு ஏற முடியாது. ஆகவே கணினியே இறங்கிப் போயிற்று. மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோக்காரரைத் திட்டினேன்.

வீட்டுக்குள் நடந்து போவது போல அந்த மென்பொருள் காட்டும். நடை என்றால் பெரிய நடை இல்லை. ஓர் அடி எடுத்து வைக்கச் சொன்னால், யோசித்து யோசித்துத் திரையை மேலிருந்து கீழாக நிரப்பும். டீச்சர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டு பார்த்தார். பிறகு, “சன்னல் இம்புட்டுக் கீழயா இருக்கும்? எனக்கு இப்படித் தெரியாதேம்மா. நான் உக்காந்துல்ல இருப்பேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கண்ணின் உயரம் ஐந்தரை அடி என்று அந்த மென்பொருள் தானாகவே வைத்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நின்றுகொண்டே இருப்பார்கள் என்பது அதன் எண்ணம். எங்கள் எண்ணமும் அதுவாகத்தான் இருந்திருக்கிறது. டேப்பை எடுத்துத் தரையிலிருந்து டீச்சரின் கண் வரை அளந்தேன். மூன்றரை அடி இருந்தது. அந்த அளவைக் கொடுத்து மறுபடி நடக்கவிட்டேன்.

இப்போது வீடு வேறாகத் தெரிந்தது. அடுப்பு மேடை நெஞ்சுக்கு மேலே நின்றது. சன்னல் உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு கதவுக்கும் கீழே தரையில் ஒரு கறுப்புப் பட்டை, வாய்க்கால் வெட்டிவிட்டது போலக் குறுக்கே கிடந்தது. காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தரையை அறை அறையாகப் போட்டிருந்தேன். அது சுவரின் உட்பக்கத்தோடு நின்றுவிடும். கதவு இருக்கும் இடத்தில் சுவரின் கனம் அளவுக்குத் தரையே இருக்காது. நின்று பார்த்தபோது திரையின் கீழ் விளிம்போடு வெட்டுப்பட்டுக் கண்ணில் படாத ஓட்டை, உட்கார்ந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. படத்தில் உள்ள கோளாறுதான், ஒரு துண்டுத் தரை போட்டு அடைத்துவிடுவேன் என்று சமாதானம் சொன்னேன்.

“படத்துல அடைச்சிருவ. வீட்டுல அந்த எடத்துல என்ன வரும்?” என்று கேட்டார் டீச்சர்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த இடத்தில் நிலைப்படி வரும். மென்பொருளில் இருந்த கதவு எந்த நாட்டுக் கதவோ, இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் நிலை என்றால் நான்கு பக்கமும் மரம். கீழே ஒரு கட்டை குறுக்கே வந்தே தீரும். படத்தில் சுவர் விட்டுப்போன இடத்தைப் பார்த்தால் ஆசாரி யாரையும் கேட்காமல் நான்கு பக்கமும் மரம் வைப்பார். வேண்டாம் என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. சோற்றுக்குத் தண்ணீர் வை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? டீச்சர் மட்டும் கேட்டிருக்காவிட்டால் வாடகை வீட்டைவிட்டு இன்னொரு வாடகை வீட்டுக்குப் போன கதையாகத்தான் ஆகியிருக்கும்.

மற்ற கதவுகளுக்கெல்லாம் நிலைப்படி வேண்டாம் என்று வாத்தியார் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். தலைவாசலுக்கு வந்ததும் தயங்கினார். தலைவாசல் நிலை வைப்பது ஒரு சடங்கு. மரத்துக்குச் சந்தனம் பூசி, படிக்கு அடியில் மந்திரித்த சிறு மாதா சுரூபமும் ஒரு பொட்டுத் தங்கமும் வைத்து, பெண்கள் பால் ஊற்றுவார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம் என்றாலும் இதில் ஊரோடு ஒத்துப் போகிறவர்கள். படியைத் தரைக்குள் புதைத்துச் சமமாக வைத்துவிடலாம், சடங்கும் கெடாது என்றேன் நான்.

“நெலப்படிய காலால மிதிக்கவே கூடாதுங்கிறாக. அதுமேல சக்கரத்த ஏத்துறதாம்மா?” என்றார் வாத்தியார்.

உயர்ந்த படி சக்கரத்தைத் தடுக்கும் என்பதைக் கண்ணெதிரே காட்டலாம் என்று, படத்தில் தலைவாசலுக்கு மூன்று அங்குலத்தில் ஒரு படி போட்டு நடக்கவிட்டேன். பார்வை படிக்கு மேலாக வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. வாத்தியாரின் முகம் மலர்ந்தது. “போகுதே” என்றார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, இதில் போவது வெறும் கண்தான் சார், இதற்குக் காலும் கிடையாது சக்கரமும் கிடையாது என்றேன். நம்பாதவர் போல இருந்தார். அந்தக் கண்ணைத் திருப்பிச் சுவருக்குள் விட்டு அந்தப் பக்கம் வெளியே எடுத்துக் காட்டினேன். அப்போதும் அவர் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப வாசலுக்குப் போக மட்டும் உங்களக் கூப்பிடணும்” என்றார் டீச்சர்.

“அதுக்குத்தான் நான் இருக்கேன்ல.”

“நீங்க இல்லாதப்ப?”

வாத்தியார் திரையிலிருந்த படியைக் கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு, சமமாகவே வைக்கச் சொல்லும்மா என்று என்னிடம் சொன்னார். அலுவலகத்துக்குத் திரும்பி, கதவடியில் தரைத் துண்டுகளைச் சேர்த்து, தலைவாசல் படியைத் தரைமட்டத்துக்கு இறக்கி, ஆசாரிக்குப் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன்.

நிலை வைத்த அன்று நான் போகவில்லை. போய் வந்த என்ஜினீயர் சொல்லித்தான் தெரியும். வாத்தியாரின் அண்ணன் வந்திருக்கிறார். புதைத்த படியைப் பார்த்து, இது வீட்டு நிலையா மாட்டுக் கொட்டகை வாசலா என்று கேட்டிருக்கிறார். ஆசாரி படியை மூன்று அங்குலம் தூக்கி வைத்துவிட்டார். பிறகொரு நாள் வாத்தியார் அலுவலகத்துக்கு வந்தபோது நான் திரையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணன் முன்னால வாய் வரலம்மா” என்றார். அவர்மேல் ஆத்திரமாக வந்தது. தினமும் மனைவியைத் தூக்கிச் சுமக்கிற மனிதர் என்பதை நினைத்தால் ஆத்திரப்படவும் முடியவில்லை.

வீடு கட்டி முடிந்து, பாதர் வந்து செய்கிற வீடு மந்திரிப்புக்குப் போனேன். சொந்தக்காரர்கள் தலைவாசலில் கூடியிருந்தார்கள். டீச்சரைக் காலையிலேயே அழைத்து வந்து பக்கவாட்டில் வேப்பமர நிழலில் நாற்காலியோடு விட்டிருந்தார்கள். பாதர் செபம் சொல்ல, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். செபம் முடிந்ததும் டீச்சரைத் தூக்கிப் படி தாண்ட வைப்பதற்காக இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். அங்கே டீச்சர் இல்லை.

பின்பக்கம் பந்தி சமையல் நடந்துகொண்டிருந்ததால் அடுப்படிக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அந்தக் கதவுக்குச் சடங்கு கிடையாது, அதனால் நிலைப்படியும் கிடையாது, வெளியே சாய்தளம்தான். டீச்சர் வீட்டைச் சுற்றிக்கொண்டு தானே சக்கரத்தைத் தள்ளிப் போயிருக்கிறார். நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது தலைவாசலின் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பட்டுப்புடவையும் வியர்த்த முகமுமாக டீச்சர் நிலைக்கு உட்புறத்தில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மண்ணாக இருந்தன.

“வாங்க பாதர். எல்லாரும் உள்ள வாங்க. படி இருக்கு, பாத்து வாங்க” என்றார்.

பாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார். அண்ணன் கைத்தடியை முதலில் உள்ளே வைத்துவிட்டுத் தாண்டினார். நான் தாண்டியபோது டீச்சரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்லாரும் வந்த பிறகு டீச்சர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக் கணவருக்கு வழி விட்டார். வாத்தியார் ஒரு காலைத் தூக்கினார், திரும்பக் கீழே வைத்தார். பால் காய்ச்சி எல்லாருக்கும் கொடுத்து முடித்தபோதும் அவர் வாசலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.