கொஞ்சம் கத்துங்கம்மா

சூப்பர்வைசர் வேலையில் மிஷினைச் சமாளிப்பது சுலபம். அது நம்மை ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தினமும் தீவிலுள்ள ஜெலுத்தோங்கிலிருந்து கடல் பாலம் தாண்டி, அக்கரையில் ஜுருவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறேன். உற்பத்தி லைனில் தொழிலாளியாகப் பன்னிரண்டு வருஷம் நின்ற பிறகு, மூன்று மாதத்துக்குத் தற்காலிக சூப்பர்வைசராகப் போட்டார்கள். சரியாக வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் மறுபடியும் லைன். எனக்கு அந்தப் பதவி வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சத்தம் போதவில்லை

என் வழக்கம், ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் போய் நிற்பது. மூடியைக் கையில் எடுத்துப் பார்ப்பேன், இரண்டு கேள்வி கேட்பேன், நகர்வேன். மேனேஜர் செல்வம் வாசலில் நின்று ஒரு கத்து கத்துவார், பிறகு ஏர்கான் அறைக்குப் போய்விடுவார். முதல் மாத முடிவில் கூப்பிட்டுச் சொன்னார்:

"வேலை ஓகே. ஆனா சூப்பர்வைசர்னா ஒரு பயம் இருக்கணும்லா. கொஞ்சம் கத்துங்கம்மா."

கத்தினேன்

மறுநாள், டீ குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் பிந்தி வந்தவர்களைப் பார்த்து, செல்வத்தின் வார்த்தைகளிலேயே கத்தினேன். அவர் கத்தினால் தலைகுனிந்து ஓடுகிறவர்கள், என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேக்கிங் கலா என் தோளைத் தொட்டு ரகசியமாகக் கேட்டாள்:

"என்னக்கா, வீட்டுல அண்ணனோட சண்டையா?"

நிறுத்தினேன்

அதோடு கத்துவதை விட்டுப் பழையபடி நின்றேன். மூன்றாம் மாதக் கடைசி வாரம், ஐம்பது வயது மாரிமுத்து அண்ணன் தானாகவே வந்து, மிஷினில் தவறான பிளாஸ்டிக் குருணை மூட்டையைக் கொட்டிவிட்டதாகச் சொன்னார். மூடியை வளைத்தேன், ஓரத்தில் விரிசல் விட்டது. லோரியில் ஏற்ற ஒரு மணி நேரம்தான் இருந்தது. யாரையும் கேட்காமல் லைனை நிறுத்தினேன். தப்பென்றால் பதவி போய்விடும் என்று தெரியும்.

ஓடிவந்த செல்வம், உடைந்த மூடியைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். போன வருஷம் இதே தப்பை மறைத்தவர் இப்போது மட்டும் ஏன் தானாக வந்து சொன்னார் என்று மாரிமுத்து அண்ணனைக் கேட்டார். அண்ணன் சொன்னார்:

"நீங்க கத்திட்டுப் போயிருவீங்க பாஸ். இந்தம்மா பக்கத்துலயே நிக்கும். எங்க மறைக்கிறது?"

பதவி நிரந்தரமான கடிதம் வந்துவிட்டது. இந்த வேலைக்கு இதுவரை ஆண்களுக்கே கடிதம் அடித்துப் பழகியவர்கள், என் பெயருக்கு முன்னாலும் 'திரு' என்றே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.