சவுண்டு கீதா

நான் பட்டம் வாங்கியது அஞ்சல் வழியில். பாதிப் படிப்பு ராயபுரத்தில் ஒரு மாடியறையில், திரையைப் பார்த்தபடி நடந்தது. ஞாயிறுதோறும் பேராசிரியர் தெற்கே ஏதோ ஊரிலிருந்து இன்டர்நெட்டில் நேரலையாகப் பாடம் நடத்துவார். பத்து ஊர் மையங்கள் ஒன்றாகக் கேட்கும். அவர் முகம் அடிக்கடி அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் தனியாக வரும்.

எங்கள் மையத்தில் மைக் என் கையில்தான். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாவின் தொண்டை எனக்கும் வாய்த்திருந்தது. வகுப்பு தொடங்கியதும் ஒலியைச் சரிபார்ப்பது என் வேலை.

"சார், சவுண்டு கீதா?"

"நல்லா கேக்குது கீதா, சொல்லுங்க" என்பார்.

என் பெயர் கீதா இல்லை. 'இருக்கா' என்பதைத்தான் எங்கள் பக்கம் 'கீதா' என்போம். முதல் வாரமே திருத்தியிருக்கலாம். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்ததில் எனக்கும் குஷியாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

கடைசி வருடம் வேலைக்குத் தயார்ப்படுத்தும் வகுப்புகள் வந்தன. இன்டர்வியூவில் எப்படிக் கை குலுக்குவது என்று அவர் திரையில் கையை நீட்டுவார், நாங்களும் காற்றில் குலுக்குவோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டு நடத்தும் தன் நண்பருக்கு அலுவலகத்தில் ஆள் வேண்டுமாம். எங்கள் மையத்திலிருந்து ஒருவரைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார்.

அம்மா ஏற்கெனவே கெடு வைத்திருந்தாள். "மாசக் கடைசிக்குள்ள வேல கெடைக்கலன்னா கூடைய எட்துகினு என்கூட வந்துடு." மீன் விற்பது எனக்குக் கேவலமில்லை. ஆனால் முதல் ஆள் கேட்கிற விலைக்கே கொடுத்துவிடுகிற ரகம் நான். எனக்கு அந்த யார்டு வேலை வேண்டும்.

அடுத்த ஞாயிறு மையத்து அறிவிப்புப் பலகையில் சிபாரிசு ஒட்டியிருந்தது: 'கீதா, ராயபுரம் மையம்.' அதன்கீழே எங்கள் மையப் பொறுப்பாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இப்பெயரில் யாரும் இல்லை.'

பொறுப்பாளரிடம் ஓடினேன்.

"அவரு வச்ச பேரு. அவரையே மாத்தச் சொல்லு" என்றார்.

பத்து ஊர் கேட்க மைக்கைப் பிடித்தேன். "சார், நான் கீதா இல்ல. கீதான்னா 'இருக்கா'ன்னு அர்த்தம்." எங்கள் குரல் அங்கே போய்ப் பதில் வர நான்கு விநாடி ஆகும். அந்த நான்கு விநாடியில் மனசுக்குள் மீன்கூடையைத் தலையில் வைத்து இறக்கிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

யார்டில் கை குலுக்கவே வாய்ப்பில்லை. முதலாளி, அடித்துக்கொண்டிருந்த போனை என்னிடம் நீட்டி, "பேசு" என்றார். மறுமுனையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட டிரெய்லர் டிரைவர்.

"இன்னா நைனா, பெட்டி வண்டில கீதா, எறக்கிட்டியா?" என்றேன்.

முதலாளி திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

கடைசி வகுப்பில் மைக்கை எடுத்தேன். நான் கேட்பதற்குள், அசையாமல் நின்றுவிட்ட முகத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"வேலை கீதா?"

சந்தையே அடங்கும் தொண்டையில், "கீது சார்" என்றேன். பதில் வர நான்கு விநாடி ஆகும் என்று தெரிந்தும், பொறுக்க முடியாமல் இன்னொரு தடவை சொன்னேன். "கீது சார்."