வருத்தம் ஏதும் இருக்கோ

நேசத்தின் வாய்க்குப் பயந்தே பிள்ளை சீக்கிரம் பிறந்துவிடும் என்று கொட்டாஞ்சேனைப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளைப்பேற்று வார்டில் அவள் நேர்ஸ். கொழும்பு வழக்கப்படி எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, வெள்ளைத் தொப்பியைத் தலையில் குத்திக்கொண்ட நாள் முதல் அந்த வார்டே கதியென்று கிடந்தவள். வலியில் கூப்பாடு போடுகிறவளை அதட்டுவாள். அதட்டிக்கொண்டே தன் கையைக் கொடுத்து, நகம் பட்டுக் கீறினாலும் இழுக்காமல் நிற்பாள். அவளிடம் திட்டு வாங்கியவர்கள் அடுத்த பிரசவத்துக்கும் 'நேசம் மிஸ்ஸி இருக்கிறாவோ' என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார்கள்.

ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. அவர்களுக்கு விறாந்தையில் உட்கார ஒரு நீள வாங்கு, அவ்வளவுதான். நல்ல சேதியென்றால் நேசம் கதவடியில் நின்றே சத்தம் போட்டுச் சொல்வாள். கெட்ட சேதியென்றால் வாங்கு வரைக்கும் நடந்து வருவாள்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. கட்டிலுக்கு வருகிற எவளையும் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. தாயின் உடம்பில் முன்பே நோய்நொடி இருந்தால் பிரசவ நேரத்தில் அது எமனாக வந்து நிற்கும். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டரைக் கூப்பிடலாம், ஊசி போடலாம், ஆளைக் காப்பாற்றப் பார்க்கலாம். "மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்கப்படாது" என்று புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு காலையில் பழனியம்மா வந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பழனிமுத்துவின் மனைவி. அவனுக்கு வேலையும் குடியிருப்பும் இராமநாதபுரத்து ஊர்க்காரர்களோடேயே. கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் அவளை அழைத்து வந்திருந்தான். கலியாணமாகி நெடுங்காலம் வயிறு திறக்காமல், ஊரார் பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு இது முதல் பிள்ளை. கால் வீங்கியிருந்தது. தேயிலைக் கிடங்கில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று நேசம் நினைத்தாள். அன்றைக்குப் பார்த்து வார்டு நிரம்பி வழிந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்திக்குப் பிள்ளையின் தலை தெரியத் தொடங்கியிருந்தது.

அந்த அவசரத்திலும் நேசம் கேட்டாள்.

"பிள்ளை, வருத்தம் ஏதும் இருக்கோ?"

பழனியம்மாவின் முகம் மலர்ந்தது. "வருத்தமா? அதெல்லாம் இல்லீங்க மிஸ்ஸியம்மா. சந்தோசமாத்தான் இருக்கேன்."

நேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகமாயிருக்கிறேன் என்று சொல்லத் தெரியாமல் உளறுகிறாள், பாவம். "நல்லது, சந்தோசமாய்ப் படு" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்கு ஓடினாள். சிறுநீர்ச் சோதனையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள்.

அந்தப் பிறகு வரவேயில்லை. "மிஸ்ஸி, இக்மனட்ட என்ட" என்று சிங்கள ஆயா சீக்கிரம் வரச்சொல்லிக் கூப்பிட்ட குரலிலேயே விபரீதம் தெரிந்தது. நேசம் ஓடிவந்தபோது பழனியம்மாவின் கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார். வலிப்பு நின்று, மறுபடி வந்தது. பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பெண் பிள்ளை, நன்றாக அழுதது. தாய்க்கு அது கேட்கவில்லை. வெயில் சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

நேசம் வாங்கு வரைக்கும் நடந்தாள். பழனிமுத்து எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவள் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாளாவே தலைவலின்னு துடிச்சாளே. கண்ணு மங்குதுன்னா. ஆசுபத்திரில கேப்பாங்க, மறைக்காமச் சொல்லிடுன்னு சொல்லித்தான் விட்டேன். நீங்க கேக்கலீங்களா, மிஸ்ஸியம்மா?"

"கேட்டனான்." குரல் கடுமையாகவே வந்தது. சொல்லாமல் செத்துப்போனவள் மேல் அவளுக்குக் கோபங்கூட வந்தது. "நான் கேக்காமல் விடுவனோ? வருத்தம் இருக்கோ எண்டு வடிவாக் கேட்டனான். இல்லை எண்டு சொன்னவ."

"வருத்தமா?" அவனுக்கு விளங்கவில்லை. "அவளுக்கு என்னம்மா வருத்தம்? இத்தனை வருசங்கழிச்சுப் புள்ள. சந்தோசமாத்தானே வந்தா."

நேசம் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அவன் ஊரில் அது மனக்கவலை. அவள் நோயைக் கேட்டாள். பழனியம்மா கவலை இல்லை என்றாள். ஒரே தமிழ் என்பதுதான் கெடுத்தது. வந்தவள் சிங்களத்தியாக இருந்திருந்தால் நேசம் தலையைத் தொட்டு, கண்ணைத் தொட்டு, வலிக்கிறதா என்று சைகையிலாவது கேட்டிருப்பாள். இத்தனை வருஷத்தில் இன்னும் எத்தனை பேர் அதே கேள்விக்கு 'இல்லீங்க' என்று சொல்லிவிட்டுப் படுத்தார்களோ.

அதை அவனிடம் சொல்லாமலே திரும்பினாள். உள்ளே போய், பசியில் கத்திக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கினாள். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் நவரத்தினமும் யாழ்ப்பாணத்தவர்தான். அந்தப் பக்கம் வந்தவர் அவளைக் கண்டு நின்றார்.

"என்ன நேசம், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. வருத்தமோ?"

நேசம் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஓம், சிஸ்டர்" என்றாள்.

காய்ச்சலோ என்று பார்க்கச் சிஸ்டர் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார்.