சுலைகா கேட்ட சத்தம்

நன்னிலத்திலிருந்து யூசுப் பாய் போன் செய்தார். "தங்கச்சி மவுத்தாயிட்டா சார்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அவர் தங்கை சுலைகா இறந்துவிட்டார்.

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் சுலைகாவும் நானும் ஒரே சோதனைக்கூடத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில், கூட வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய வேலை தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடியிழைப் பாயைப் பிசின் தடவி அடுக்கடுக்காக ஒட்டிய தகட்டில், உள்ளே அடுக்குகள் ஒட்டாமல் பிரிந்திருந்தால் வெளியே ஒரு கீறலும் தெரியாது. இழுத்துப் பார்த்தால் சத்தம் வரும், நம் காதுக்கு எட்டாத சத்தம். தகட்டின்மேல் ஒட்டிய உணரிகள் அதைப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் சுலைகா முதலில் தகட்டின்மேல் பென்சில் முனையை ஒடிப்பார். ஒடியும் சத்தம் திரையில் புள்ளியாகத் தெரிந்தால்தான் மேற்கொண்டு வேலை. "நம்ம காது சரியா இருக்கான்னு பாக்காம அடுத்தவங்களக் குத்தம் சொல்லக்கூடாது சார்" என்பார்.

அண்ணன் யூசுப் சார்ஜாவில் ஃபைபர் படகுப் பட்டறையில் இருந்தவர். இங்கே மரப்படகெல்லாம் ஃபைபருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் திரும்பி, கடலோரத்தில் கொட்டகை போட்டு முதல் படகைக் கட்டினார். விளிம்பில் வெட்டிய துண்டுகளைப் பெருமையாகத் தங்கையிடம் கொண்டுவந்தார்.

சுலைகா ஒரு துண்டை இழுவை இயந்திரத்தின் பிடியில் மாட்டினார். இழுவை பாதி ஏறுவதற்குள் திரையில் புள்ளிகள் பொரிந்தன.

"பிடி வழுக்குற சத்தம்மா அது" என்றார் யூசுப். சுலைகாவுக்கும் அப்படியே இருந்துவிடக் கூடாதா என்றுதான் இருந்தது. பிடியை மாற்றினார். அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. நாற்காலியில் உட்காரவேயில்லை. இரண்டு முனையிலும் இருந்த உணரிகளுக்குச் சத்தம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. என்றால் அது பிடியிலிருந்து வரவில்லை, தகட்டின் நடுவிலிருந்து வந்தது.

"அண்ணே, அங்க ஏசி ஷெட்டு. இங்க ஐப்பசி மழையில, கீத்துக் கொட்டகையில பாய விரிச்சிருக்கீங்க. ஈரத்தோட ஒட்டிட்டீங்க. இந்தப் படகு கடலுக்குப் போகக்கூடாது."

"நீ எனக்குத் தங்கச்சியா, ஊருக்கெல்லாம் தங்கச்சியா?"

"படகுல போறவங்களுக்கும் ஒரு தங்கச்சி இருப்பால்ல?"

யூசுப் எழுந்து போய்விட்டார். அந்த மாதமே சார்ஜாவுக்குத் திரும்பினார். சுலைகா கடலோரத்துக்குப் போய்ப் பார்த்தபோது கொட்டகை காலி. படகு எங்கே, வாங்கியவர் எந்த ஊர், ஒருவருக்கும் தெரியவில்லை. பெருநாளைக்கு அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொள்வார்கள். படகு என்று ஆரம்பித்தால் அவர் வைத்துவிடுவார்.

அதன்பிறகு வங்கக்கடலில் காற்றழுத்தம் என்றால் போதும், சுலைகாவின் போன் வந்துவிடும். "சார், எந்தப் படகாவது திரும்பலையாமா?" உங்களில் பலரையும் கேட்டிருப்பார். நீங்கள் சலித்தும் இருப்பீர்கள்.

நன்னிலத்துக்குத் துக்கம் கேட்கப் போனபோது, சார்ஜாவை விட்டு ஊரோடு வந்துவிட்ட யூசுப் பாயிடம் இதைச் சொன்னேன்.

"அவ சொன்ன அன்னைக்கே படக ரம்பத்தால அறுத்துட்டேன் சார். துண்டு துண்டா. ரோஷம்... அவகிட்ட சொல்லல."

எனக்கு வந்த கோபத்தை அந்த வீட்டில் காட்ட முடியவில்லை. இப்போதும் அடங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, போனில் சொல்லியிருக்கலாம்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. அந்தப் படகு எந்தக் கடலிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் டிவியில் செய்தி வைத்து, எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டன என்று சொல்லும்வரை நின்றுகொண்டே கேட்டேன். சுலைகாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான்.