பஞ்சாட்சரம் பெயருக்கு மாறிய கணினி

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவு மேலாளராக இருந்தவர் பஞ்சாட்சரம். அவர் வராமல் ஆபீசில் ஏசி போடக்கூடாது, அவர் பார்க்காமல் கொரியர் கவரைப் பிரிக்கக்கூடாது. இந்த அதிகாரங்களை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

2006இல் முதலாளி முக்தார் அகமதுவுக்கு ஒரு பயம் வந்தது. திருட்டு விண்டோஸ் இருப்பது தெரிந்தால் வெளிநாட்டு பார்ட்டி ஆர்டரை நிறுத்திவிடுவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வேலூரிலிருந்து ஃபீபி என்ற பெண் வந்து ஆபீஸ் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டாள். ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தாள். எல்லாரும் சாதாரண யூசர்கள் என்றாள்.

“இன்னாம்மா இது, ஷிப்பிங் சைராவும் சாதாரணம், நானும் சாதாரணமா?” என்றார் பஞ்சாட்சரம்.

“உங்க வேலைக்கு அது போதும் சார். தெரியாம சிஸ்டம் ஃபைலைத் தொட்டுடக் கூடாதுன்னுதான்.”

“நான் தொட்டா இன்னா கெட்டுப்போகும்?”

விஷயம் முதலாளியிடம் போனது. அவருக்கு அன்று கன்டெய்னர் பேஜார். “குடுத்துடும்மா, ஆளை விடு” என்றார். அன்று முதல் பஞ்சாட்சரம் தன் பாஸ்வேர்டைத் தட்டி எதையும் மாற்றலாம்.

மாற்றவும் செய்தார். மற்றவர்கள் பிரின்டரைத் தொட முடியாதபடி செய்தார். பேப்பர் சிக்கினால் சைரா வந்து அவர் மேஜை முன்னால் நிற்க வேண்டும். அவர் டீயைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, கீபோர்டைத் துண்டால் மூடிக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டுவார்.

ஒருநாள் கணினியைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தார். பாதிக்கு மேற்பட்ட ஃபைல்களுக்கு உரிமையாளர் என்று ‘ரூட்’ என்ற பெயர் போட்டிருந்தது.

“யாரும்மா இந்த ரூட்? நம்ம கம்பெனியில அந்தப் பேர்ல ஆளே இல்லியே” என்று சைராவிடம் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. ஃபீபி தன் ஆளை யாரையோ உள்ளே நுழைத்துவிட்டாள் என்று முடிவு செய்தார். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, ரூட்டை நீக்கி, பஞ்சாட்சரம் என்று மாற்றினார். கணினி கொஞ்ச நேரம் ஓடி அடங்கியது. எல்லாம் அவர் பெயருக்கு வந்துவிட்டது.

அதன்பின் எதுவும் வேலை செய்யவில்லை. பிரின்டர் அசையவில்லை. பாஸ்வேர்டைத் தட்டினால் கணினி அவரை மதிக்கவில்லை. சைரா பிரவுசிங் சென்டருக்கு ஓடி, கப்பலில் போகும் சரக்குக்கு இன்வாய்ஸ் அடித்து வந்தாள்.

ஃபீபி வந்து பார்த்தாள். “ரூட்டுங்கறது ஆள் இல்ல சார், கணினியோட தலைமை யூசர். பாஸ்வேர்டைப் பார்த்து பவர் குடுக்கிற புரோகிராமே அந்தப் பேர்லதான் இருக்கணும். அதையும் உங்க பேருக்கு மாத்திட்டீங்க. இனிமே அது யார் பேச்சையும் கேக்காது.”

“வைரஸா இருக்கும்” என்றார் பஞ்சாட்சரம்.

ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு அவள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள். பிரின்டரைச் சரிசெய்யும் உரிமையை மட்டும் சைராவுக்குக் கொடுத்தாள். பஞ்சாட்சரத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்த முதலாளி, வேலூரில் சொல்லி ஒரு பித்தளைப் பலகை செய்து அவர் மேஜையில் வைத்தார். ‘சிஸ்டம் கன்ட்ரோலர்’.

பஞ்சாட்சரம் அதைத் தினமும் துடைத்தார். சைராவிடம் கோபம்கூடக் குறைந்தது. ஆடிட்டர் ஒருமுறை பலகையைப் பார்த்து, என்ன கன்ட்ரோல் பண்றீங்க என்று கேட்டார்.

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சார்” என்றார் பஞ்சாட்சரம், குரலைத் தாழ்த்தி.