நாலாம் பக்கத்துத் திருத்தம்

இன்று காலை குயின் தெருவில் தையற்காரர் முத்தையா என்னை வழிமறித்தார்.

சென்ற வாரம் நான் எழுதிய கோர்ட்டுச் செய்தியில், துணி திருடித் தண்டனை பெற்றவர் "குயின் தெருத் தையற்காரர் முத்தையா" என்றிருந்தது. அந்தத் தெருவில் அதே பெயரில் இரண்டு தையற்காரர்கள். தகப்பனார் பெயரைக் கேட்டு எழுதாதது என் பிழை. திருடியவரைப் பற்றி அது உண்மை. என்னை வழிமறித்த இந்த முத்தையாவைப் பற்றியோ அவதூறு. இவர் வழக்குப் போட்டால் எங்களிடம் பதில் இல்லை.

"நேற்றே திருத்தம் போட்டுவிட்டோமே" என்றேன்.

"போட்டீங்க ஐயா, நாலாம் பக்கத்துல. காப்பிக்கடையில எல்லாருக்கும் பேப்பர் படிச்சுக் காட்டுற சின்னையா அண்ணன் அதப் படிக்கலியே. தைக்கக் குடுத்த கல்யாணப் பட்டுத்துணியத் திருப்பி வாங்கிட்டுப் போறாங்க."

எங்கள் செய்திகளைக் கண்ணால் படிப்பவர்களைவிடக் காதால் கேட்பவர்களே அதிகம். இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியும்.

அவருடன் காப்பிக்கடைக்குப் போய், சின்னையாவிடம் பத்திரிகையை வாங்கித் திருத்தத்தை நானே உரக்கப் படித்தேன்.

"இது சப்புனு இருக்குலா! அந்தத் திருட்டுக் கேஸ இன்னொருக்கா படிங்கண்ணே" என்றார் ஒருவர். கடையே சிரித்தது. முத்தையா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

ஆசிரியரிடம் கேட்டு இதை முதல் பக்கத்தில் போடுகிறேன்: குயின் தெரு, கருப்பையா மகன் முத்தையா எதையும் திருடியவர் அல்லர்.

காப்பிக்கடைகளில் படித்துக் காட்டும் அன்பர்களே, திருட்டைப் படித்த அதே குரலில் இதையும் படியுங்கள். எத்தனை பேர் கடைசிவரை கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.