அவசரக் கதவை அடைத்த சீட்

நாமக்கல்லில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் சீட் பொருத்துவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேச வராது. ஸ்பானர் பிடிக்கிறவனை யாரும் பேசச் சொல்வதில்லை.

போன வருடம், பெரிய பஸ்ஸிலும் சேராமல் வேனிலும் சேராமல் நடு அளவில் ஒரு வண்டி வந்தது. சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமத்து வளைவுகளில் அந்த அளவு வண்டிதான் திரும்பும். என் மகள் காலேஜுக்குப் போகிற வழியில் ஓடப்போகிறது என்றார்கள். சந்தோஷத்தில் ஜன்னல் ரப்பரைக்கூட இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன்.

ஆர்டிஓ ஆபீஸில் காட்டிச் சான்று வாங்கிய மறுநாளே வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்தது. பஸ் முதலாளி பின்பக்கம் இருந்த அவசரக் கதவைக் காட்டினார்.

“இந்த எடம் சும்மாதான கெடக்குது? ரெண்டு பேரு உக்கார்ற சீட்டு ஒண்ணு போட்டுருங்க.”

“கதவுங்க...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

“அதை யாருங்க தொறக்கப் போறா?”

வெல்டர் சிரித்தார். “நம்ம சனம் ஜன்னல்ல துண்டு போட்டு எடம் புடிக்கறவங்க. அவசரம்னா அதுலயே எறங்கிக்குவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கு ஓட்டை போட்டு சீட்டை முடுக்கினேன். கதவின் கைப்பிடி சீட்டில் இடித்தது. “அதையும் கழட்டிருங்க” என்று சொல்லிவிட்டு, பஸ் முதலாளி பாக்கு எச்சிலைப் புது டயரின் மேலேயே துப்பினார். கழற்றி இரும்புக் குப்பையில் எறிந்தேன். என் பிள்ளை போகிற வண்டிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரைவிட என்னைத்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

வண்டி ஓடத் தொடங்கிய வாரம், சாப்பிடும்போது மகள் சொன்னாள்: “அப்பா, புது பஸ்ஸு சூப்பருங்க. கடைசி சீட்டு எப்படியும் கெடச்சுருது.”

“அங்க உக்காராத சாமி. முன்னால படிக்கட்டுகிட்ட நின்னுக்க.”

“ஏனுங்கப்பா?”

“பின்னால தூக்கித் தூக்கிப் போடும்.”

“சரிங்கப்பா. என்ற கூட வர்ற புள்ளைய அதுல உக்காரச் சொல்லிடறேன். அவளுக்கு நிக்க முடியாது, பாவம்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.